பல்சக்கரத்தின் மேல்தோலைச் சூட்டிலிருந்து காப்போம்

கரும்பு வெட்டுக்கு முன் அரிவாளைத் தீட்ட, மோட்டாரில் ஓடும் சாணைக்கல்லில் பிடித்திருப்பீர்கள். அவசரத்தில் சற்று அழுத்திவிட்டால் விளிம்பில் முதலில் வைக்கோல் மஞ்சள் தோன்றும். அடுத்த நொடியில் அது பழுப்பாகும். பின் ஊதாவாகி, கடைசியில் மயில் கழுத்து நீலமாக மாறும். அந்த அரிவாள் பார்வைக்குக் கூர்மையாகவே இருக்கும். ஆனால் சிறிது நேரம் வெட்டியதும் வாய் மழுங்கிவிடும். கொல்லரிடம் கொண்டு சென்றால், "சூட்டில் பதம் போய்விட்டது, மறுபடியும் துவைச்சல் போட வேண்டும்" என்பார்.

அரிவாளில் நாம் கண்ணால் காணும் இந்தக் கேடு, டிராக்டர், பவர் டில்லர், சுழல் கலப்பை ஆகியவற்றின் பல்சக்கரங்களிலும் நேரக்கூடும். சக்கரத்தைச் செய்யும் தொழிற்சாலையில் நேரலாம். அதைப் பழுது பார்க்கும் நம் ஊர்ப் பட்டறையிலும் நேரலாம். அரிவாளுக்கு மறுபடியும் துவைச்சல் போட்டுவிடலாம். பல்சக்கரத்துக்கு அது இயலாது. ஆகவே இந்த வெப்பக் காயம் எப்படி உண்டாகிறது, அதைத் தவிர்க்க நாம் செய்யக் கூடியது என்ன என்பதை ஒவ்வொரு உழவரும் அறிந்திருப்பது நல்லது.

ஒரு பல் முறிந்தால்

ஜேடர்பாளையம் படுகை அணையில் பிரியும் ராஜவாய்க்கால் பாசனத்தில் கரும்பு, வாழை, வெற்றிலை, நெல் முதலியவை பயிராகின்றன. கரும்பின் ஒரு பகுதி அங்குள்ள ஆலைக் கொட்டகைகளிலேயே வெல்லமாகிப் பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தைக்குப் போகிறது. உழுவதும், சேறு கலக்குவதும், கரும்பை ஏற்றி வருவதும், சாறு பிழிவதும் இன்று இயந்திரத்தின் வேலையாகிவிட்டன. அந்த இயந்திரங்கள் எல்லாவற்றிலும் விசையைக் கடத்துவது பல்சக்கரமே.

வெட்டிய கரும்பு காத்திருக்காது. 24 மணி நேரத்துக்குள் ஆட்டிவிடுவது நல்லது. நேரம் கடந்தால் கரும்பின் எடை குறையும், அதிலுள்ள சர்க்கரை உருமாறி, பாகு சரியாக இறுகாது, வெல்லம் கசியும். இந்த நேரத்தில் டிராக்டர் கியர் பெட்டியில் ஒரு பல் முறிந்தால், புதுச் சக்கரத்தின் விலை மட்டுமா நட்டம்? ஆள் கூலி, வாடிய கரும்பு, தவறிய சந்தை நாள் எல்லாமே நட்டக் கணக்கில் சேரும். முறிந்த பல்லின் துண்டு கியர் பெட்டிக்குள் சுழன்று மற்றச் சக்கரங்களையும் பேரிங்குகளையும் உடைத்துவிடுவதும் உண்டு.

பனைமரம் போன்ற அமைப்பு

பனைமரத்தை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளிப்புறம் வைரம் பாய்ந்து இரும்பாக இருக்கும். உள்ளே சோறு மென்மையாக இருக்கும். டிராக்டரின் கியர் பெட்டியிலுள்ள பல்சக்கரமும் இத்தகைய அமைப்பு உடையதே. மேல்தோல் தேயாமல் இருக்கக் கடினமாகவும், உள்ளுடல் அதிர்ச்சியைத் தாங்கச் சற்று இளகியும் இருக்க வேண்டும். முழுவதும் கடினமாக இருந்தால் கண்ணாடி போல் உடையும். முழுவதும் மென்மையாக இருந்தால் விரைவில் தேய்ந்துவிடும்.

இந்த அமைப்பை உண்டாக்கும் முறை வருமாறு. மாங்கனீசும் குரோமியமும் சேர்ந்த, கரிமம் சுமார் 0.2 சதவீதமே உள்ள கலப்பு உருக்கை எடுத்துப் பற்களை வெட்டுகிறார்கள். பிறகு கரிமம் நிறைந்த வாயு உள்ள உலையில் சுமார் 900 முதல் 930 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைக்கிறார்கள். கரிமம் மெல்ல மேற்பரப்பில் ஊறி சுமார் 0.8 சதவீதம் ஆகிறது. அந்தச் சூட்டோடு எண்ணெயில் தோய்த்ததும் மேல்தோல் மிகக் கடினமாகிறது. கடைசியில் 150 முதல் 200 டிகிரிக்குள் மீண்டும் மெதுவாகச் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். இதனால் கடினம் பெரிதும் குறையாமலே நொறுங்கும் தன்மை நீங்குகிறது.

இவ்வாறு கிடைக்கும் கடினத் தோலின் கனம், டிராக்டர் சக்கரங்களில் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவே. ராக்வெல் அளவையில் அதன் கடினம் 58 முதல் 62 வரை இருக்கும். உள்ளுடல் சுமார் 30 முதல் 40 வரை இருக்கும். சக்கரத்தின் ஆயுள் முழுவதும் இந்த ஒரு மில்லிமீட்டர் தோலில்தான் அடங்கியுள்ளது. அது கடைசியாகப் பதம் பெற்ற சூடு 200 டிகிரிக்கு உட்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் எப்போதாவது அதற்கு மேல் சூடு ஏறினால், அந்தத் தோல் இளகத் தொடங்கும்.

மெருகு எதற்கு?

உலையிலிருந்து வரும் சக்கரம் சிறிதளவு கோணியிருக்கும். சூட்டில் விரிந்து, தோய்ச்சலில் சுருங்குவதால் இப்படி ஆகிறது. அதைச் சரி செய்யவும், பல்லின் முகத்தை வழவழப்பாக்கவும் பல சக்கரங்களைச் சாணைக்கல்லால் அரைக்கிறார்கள். ஒரு முகத்தில் பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை எடுக்கப்படும்.

வழவழப்பு அழகுக்காக அல்ல. இரண்டு பற்கள் சேரும் இடத்தில் அவற்றைப் பிரித்து நிற்கும் எண்ணெய்ப் படலத்தின் கனம், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு அல்லது அதற்கும் குறைவு. இந்தக் கூறுக்கு மைக்ரான் என்று பெயர். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். பல்லின் முகத்தில் உள்ள மேடுகள் எண்ணெய்ப் படலத்தைவிட உயரமாக இருந்தால் மேடும் மேடும் நேரே உரசும். சூடு பிறக்கும், முகம் இழுபட்டுக் கோடு விழும். நாளடைவில் அம்மைத் தழும்பு போன்ற சிறு குழிகள் தோன்றும். நன்றாகச் சாணை பிடித்த முகத்தில் சராசரிச் சொரசொரப்பு அரை மைக்ரான் அளவுக்கு இருக்கும். எனவே மெருகு கூடினால் ஆயுளும் கூடும், இரைச்சலும் குறையும். ஆனால் அந்த மெருகைக் கொடுக்கும் சாணையே தோலைக் கெடுக்கவும் கூடும்.

சாணையில் நேரும் காயம்

சாணைக்கல் அரைக்கும்போது செலவாகும் விசையில் பெரும்பகுதி சூடாக மாறுகிறது. கல் மழுங்கியிருந்தாலும், அதன் துளைகளில் இரும்புத் துகள் அடைத்திருந்தாலும், ஒரே இழுப்பில் ஆழமாக எடுத்தாலும், குளிர்விக்கும் எண்ணெய் சரியான இடத்தில் பாயாவிட்டாலும் சூடு எல்லை மீறும். உலையில் கோணிய சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டும் மேடாக இருந்தால், அந்த இடத்தில் மட்டும் கல் அதிகம் கடித்துச் சுட்டுவிடும்.

இந்தக் காயம் இரண்டு வகைப்படும்.

முதல் வகை, பதம் இளகுதல். பதப்படுத்திய சூட்டுக்கு மேல் தோல் சூடாகி மென்மையாகிவிடும். நீலமேறிய அரிவாளின் கதை இதுவே.

இரண்டாவது வகை இன்னும் கொடியது. தோலின் ஒரு புள்ளி சுமார் 750 டிகிரிக்கு மேல் ஏறி, அடுத்த கணமே குளிர்ந்துவிடும். அங்கே பதப்படாத, கண்ணாடி போல் நொறுங்கும் மெல்லிய படலம் உண்டாகும். அதன் அடியில் இளகிய பட்டை ஒன்று இருக்கும். சேற்றின் மேல் ஓட்டை வைத்து அதன் மேல் நடப்பது போன்றது இது.

இரண்டிலும் பொதுவான கேடு ஒன்றுண்டு. ஒழுங்காகக் கடினமாக்கிய தோல் தன்னைத் தானே உள்நோக்கி நெருக்கிக்கொண்டிருக்கும். ஆகவே வெடிப்பு எளிதில் வாய் திறவாது. சுட்ட தோலோ குளிரும்போது சுருங்கி இழுபட்டு நிற்கும். வற்றிய ஏரியின் வண்டல் காயும்போது மேற்பரப்பு சுருங்கிப் பாளம் பாளமாக வெடிப்பதை அறிவீர்கள். அதே இழுவிசை பல்லின் தோலிலும் வேலை செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று தோன்றி, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக வளர்ந்து, ஒரு நாள் பல் முறியும்.

நம் இயந்திரங்களின் எல்லாச் சக்கரங்களும் இவ்வாறு சாணை பிடிக்கப்படுவன அல்ல. பல டிராக்டர் சக்கரங்கள் உலைக்கு அனுப்பும் முன்பே சீவி முடிக்கப்படுகின்றன. பின்னச்சில் உள்ள கிரௌன் வீல், பினியன் இரண்டையும் பெரும்பாலும் மசையிட்டு ஒன்றோடொன்று உரசவிட்டு இணைசேர்க்கிறார்கள். ஆனால் பேரிங் அமரும் தண்டின் பகுதி எப்போதும் சாணை பிடித்ததாகவே இருக்கும். அங்கும் இதே காயம் நேரலாம்.

தொழிற்சாலையில் சோதிக்கும் முறை

சுட்ட இடம் எப்போதும் நீலமாகத் தெரிவதில்லை. கடைசி மெல்லிய இழுப்பில் நிறம் அகன்று, அடியில் உள்ள கேடு மட்டும் தங்கிவிடும். ஆகவே நல்ல தொழிற்சாலைகளில் சக்கரத்தைக் கழுவி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சில நொடிகள் தோய்த்துப் பார்க்கிறார்கள். கேடில்லாத தோல் சீரான சாம்பல் நிறமாக இருக்கும். இளகிய இடம் கறுத்துத் தெரியும். நொறுங்கும் படலம் உள்ள இடம், கறுத்த கரைக்கு நடுவே வெண்புள்ளியாகத் தெரியும். இந்தச் சோதனைக்கென ஐ.எஸ்.ஓ. 14104 என்ற பன்னாட்டுத் தரமுறை உள்ளது.

மற்றொரு முறை காந்தத்தைக் கொண்டு செய்வது. இரும்பைக் காந்தமாக்கும்போது உள்ளே சிறு சிறு தாவல்கள் நிகழ்கின்றன. அவற்றை ஓசையாகக் கேட்கலாம். ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிக் பார்க்ஹவுசன் இதை 1919 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். சுட்ட தோலில் இந்த ஓசையின் அளவு மாறுவதால், சக்கரத்தைச் சிதைக்காமலே காயத்தை அறிய முடிகிறது.

இவை தொழிற்சாலைக்கு உரியவை. வீட்டில் அமிலத்தை எடுத்துச் சோதித்துப் பார்க்க ஒருபோதும் முயல வேண்டாம். அமிலம் கண்ணையும் தோலையும் கெடுக்கும். சக்கரத்தையும் பாழாக்கும்.

சக்கரம் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. உறுப்பு எண்ணைக் கையேட்டில் பார்த்துக் குறித்துச் செல்லுங்கள். பழைய சக்கரத்தையும் உடன் கொண்டு போய்ப் பற்களை எண்ணி ஒப்பிடுங்கள்.

2. சக்கரத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பல்லின் முகத்திலும் அடிவளைவிலும் பழுப்பு அல்லது நீலக் கீற்று, திட்டு இருந்தால் வாங்க வேண்டாம். சக்கரம் முழுவதும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் அது துருப்பிடிக்காமல் இருக்கச் செய்த பூச்சாக இருக்கலாம். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

3. பல்லின் முகத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தட்டுப்படும் வரிகளும், ஓரத்தில் நீட்டிய பிசிறும் இருக்கக் கூடாது.

4. கிரௌன் வீல், பினியன் இரண்டையும் ஒரே இணை எண் உள்ளதாகச் சேர்த்தே வாங்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் விரைவில் கெடும்.

5. உறுப்பு எண்ணும் தேதியும் குறித்த ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். விலை குறைவு என்று ரசீதில்லாமல் வாங்கிய சக்கரத்துக்குப் பின்னால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடவும் ரசீதே முதல் சான்று.

நிறமில்லாத காயத்தை எந்த உழவரும் கடையில் நின்று கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் சோதித்து அனுப்பும் தயாரிப்பாளரின் சக்கரத்தை ரசீதுடன் வாங்குவது முக்கியமாகிறது.

நம் பட்டறையில் செய்யக் கூடாதவை

தொழிற்சாலை கவனமாகக் காத்து அனுப்பிய தோலை நாமே சுட்டுவிடுவதும் உண்டு.

கியர் பெட்டியின் சக்கரத்தில் உடைந்த பல்லை வெல்டிங் வைத்துக் கட்டாதீர்கள். வெல்டிங் சூட்டில் அந்தப் பல்லோடு அக்கம்பக்கத்துப் பற்களின் பதமும் போய்விடும். சில நாள் ஓடுவது போலத் தோன்றி, நெருக்கடியான நேரத்தில் முறியும்.

தண்டில் இறுகிய சக்கரத்தையோ பேரிங்கையோ கழற்றக் கேஸ் சுடரைக் காட்டாதீர்கள். கழற்றும் கருவியைப் பயன்படுத்துங்கள். புது பேரிங்கைச் சூடாக்கி ஏற்ற வேண்டுமானால், சுத்தமான எண்ணெயில் அமிழ்த்தி மெதுவாகச் சூடாக்க வேண்டும். 120 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. பாத்திரத்தின் அடியில் பேரிங் நேராகப் படாமல் கம்பி வலை மீது வைக்க வேண்டும்.

பல்லில் உள்ள பிசிறைக் கை கிரைண்டரால் தேய்க்காதீர்கள். நீலம் தெரியும் முன்பே பதம் இளகத் தொடங்கிவிடும். பிசிறைக் கையால் எண்ணெய்க் கல் கொண்டு தேய்த்து எடுக்கலாம்.

சுழல் கலப்பையின் சட்டத்தில் வெல்டிங் செய்யும்போது எர்த் கவ்வியை வெல்டிங் இடத்துக்கு மிக அருகில், அதே பாகத்தில் மாட்டுங்கள். கவ்வி எங்கோ இருந்தால் மின்சாரம் பேரிங், சக்கரம் வழியாகப் பாய்ந்து, பல்லும் பல்லும் சேரும் இடத்தில் பொறி தெறித்துச் சுடும். வெளியில் வெல்டிங் செய்தோம், உள்ளே காயம் பட்டது என்பது நமக்குத் தெரியாமலே போகும்.

எண்ணெயே காவல்

எண்ணெய் குறைந்த கியர் பெட்டியில் பற்கள் உரசி, ஓடும்போதே சுட்டுக்கொள்ளும். ஆகவே அளவுத் திருகைத் திறந்து எண்ணெய் மட்டத்தை வாரம் ஒரு முறையாவது பாருங்கள். சேற்றுழவு நாட்களில் தினமும் பாருங்கள். எண்ணெய் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். ஆயில் சீலை மாற்றி, எண்ணெயையும் மாற்றுங்கள். எந்த எண்ணெய் என்பதைக் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். பிரேக்கும் ஹைட்ராலிக்கும் ஒரே எண்ணெயில் ஓடும் டிராக்டரில் வெறும் கியர் எண்ணெயை ஊற்றினால் கேடுதான்.

புதுச் சக்கரம் போட்டதும் முழுச் சுமையை உடனே ஏற்றாமல், முதல் சில நாட்கள் இலகுவான வேலைக்கு ஓட்டுங்கள். மேடுகள் ஒன்றையொன்று தேய்த்துச் சமமாகும். அப்போது விழும் இரும்புத் தூளை வெளியேற்ற, கையேட்டில் சொன்ன மணிக்கணக்கில் முதல் எண்ணெய் மாற்றத்தைத் தவறாமல் செய்யுங்கள். பெரும்பாலும் இது 50 மணி நேரமாக இருக்கும்.

வேலை நடுவே இயந்திரத்தை முழுவதும் நிறுத்தி, கியர் பெட்டியின் வெளிப்புறத்தில் நான்கு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுர்ரென்று கொதித்து ஆவியானால் சூடு 100 டிகிரியைத் தாண்டிவிட்டது. காரணத்தைக் கண்டு சரி செய்யாமல் மேலும் ஓட்ட வேண்டாம்.

கரும்பு ஆலையின் சக்கரங்கள்

கரும்பு பிழியும் உருளைகளைச் சுழற்றும் பெரிய சக்கரங்கள் வேறு வகை. இவை பெரும்பாலும் வார்ப்பிரும்பு அல்லது வார்ப்பு உருக்கால் ஆனவை; மெதுவாகச் சுழல்பவை; திறந்தே இருப்பவை. இவற்றுக்கு மெல்லிய கடினத் தோல் இல்லை. எனவே சாணைக் காயத்தைப் பற்றிய கவலையும் இல்லை. மண்ணும் சக்கைத் தூளுமே இவற்றின் பகை. தினமும் துடைத்துக் கெட்டியான கிரீஸ் இடுங்கள். உருளைகளை நெருக்கும்போது பற்கள் ஒன்றில் ஒன்று பதியும் ஆழமும் மாறும் என்பதால், நெருக்கிய பின் கையால் சுழற்றிப் பாருங்கள்.

சிறு பினியன்தான் முதலில் தேயும். 75 பற்கள் உள்ள சக்கரத்தோடு 15 பற்கள் உள்ள பினியன் ஓடினால், சக்கரத்தின் ஒரு பல் ஒரு முறை வேலை செய்யும் நேரத்தில் பினியனின் பல் 5 முறை வேலை செய்கிறது. ஆகவே பட்டம் தொடங்கும் முன் ஒரு பினியனை வாங்கி வைத்திருப்பது வீண் செலவல்ல.

முறிந்த பல் சொல்லும் செய்தி

பல் முறிந்தால் துண்டை எறிந்துவிடாதீர்கள். முறிந்த முகத்தைப் பாருங்கள். முகம் முழுவதும் ஒரே சீராகக் கரடுமுரடாக மின்னினால், ஒரே அடியில் முறிந்தது. கல்லில் மாட்டியதோ, கிளட்ச்சைச் சட்டென்று விட்டதோ காரணமாகலாம். ஒரு மூலையிலிருந்து கிளிஞ்சல் ஓட்டின் வரைகள் போல் வழவழப்பான வளையங்கள் விரிந்து, கடைசியில் மட்டும் கரடாக இருந்தால், அது நாட்பட்ட கீறல். வளையங்கள் தொடங்கும் இடத்தில்தான் மூலக் குறை இருந்திருக்கும். அது சுட்ட திட்டாகவும் இருக்கலாம், வெல்டிங் பொறியாகவும் இருக்கலாம்.

இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்தித் தேய்க்காமல், எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, ரசீதோடு விற்பனையாளரிடம் காட்டுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலர்களிடமும் ஆலோசனை பெறலாம். காரணம் அறியாமல் அடுத்த சக்கரத்தைப் போட்டால், அதுவும் அதே வழியில் போகும்.

கொல்லுப்பட்டறையில் சூடும் தோய்ச்சலும் சேர்ந்து இரும்புக்குப் பதத்தைக் கொடுக்கின்றன. இடமும் அளவும் தவறிய சூடு அந்தப் பதத்தை ஒரு நொடியில் பறித்துவிடும். நம் பெரியவர்கள் அரிவாளில் கண்ட இந்த உண்மையைப் பல்சக்கரத்திலும் கருத்தில் கொண்டு, பார்த்து வாங்கி, சூடு காட்டாமல் பொருத்தி, எண்ணெய் வற்றாமல் ஓட்டினால், வெட்டிய கரும்பு களத்தில் காத்துக்கிடக்கும் நிலையைப் பெரிதும் தவிர்க்கலாம்.